பஞ்சு அத்தையின் விசில் பெஞ்சு

விசில் வந்தால்தான் வீடு. குழந்தைகள் பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில் பத்தொன்பது வருஷம் நடந்த சட்டம் அது. பல்லை அடைத்துக்கொண்டு வெளியே வருகிற பிள்ளை சுவரோரப் பெஞ்சில் உட்கார வேண்டும். ஊசியில் மரத்துப்போன உதடு விழித்துக்கொண்டு, விசில் அடிக்க வருகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. விசில் தெரியாத பிள்ளைக்கு ஒரு காகிதக் கீற்றைக் கொடுப்பார்கள்; உதட்டைக் குவித்து ஊதி அதை ஆடவிட்டால் போதும். தெருவில் போகிறவர்கள், இது பல் ஆஸ்பத்திரியா பறவைக் கூண்டா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சட்டம் போட்டவர் என் நாத்தனார். அங்கே டாக்டரம்மாவுக்குக் கையுதவிக்கு இருந்தவர். இது எப்படித் தோன்றியது என்று யார் கேட்டாலும், "ஏதோ தோணுச்சு, வச்சேன்" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். தோன்றவும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொன்னால் என்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும் என்று கடைசி வரைக்கும் வாயை மூடிக்கொண்டார். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. எனக்கும் எழுபத்தெட்டு நடக்கிறது. நானே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரரோடு கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் அண்ணி. அப்படித்தான் நாத்தனாரை நான் கூப்பிடுவது. அடுத்தவர் மரவேலைக்காரர். கடைசித் தம்பி கப்பல் வேலைக்குப் போனவர். என் வீட்டுக்காரர் அந்த இருவருக்கும் நடுவில். தாய் சீக்கிரம் போய்விட்டதால் மூன்று தம்பிகளையும் குளிப்பாட்டித் தலைவாரி ஆளாக்கியது அண்ணிதான். அதையெல்லாம் முடித்து நிமிர்ந்தபோது அவருக்கு முப்பத்து மூன்று வயது. பிறகு அச்சாபீஸ்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். தங்கமான மனுஷன். ஆறு வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

அவர் வேலை பார்த்த அறை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. நடுவில் ஏற்றி இறக்குகிற நாற்காலி. பக்கத்தில் மேஜை. மேஜை மேல் மூடி போட்ட கண்ணாடி ஜாடி நிறையப் பஞ்சுச் சுருள், விரல் மொத்தத்துக்கு. அதைப் பிள்ளையின் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் செருகிப் பல்லை ஈரம் படாமல் வைத்திருப்பது அண்ணியின் வேலை. அதனால் பிள்ளைகளுக்கு அவர் பஞ்சு அத்தை. அந்தக் காலத்தில் பல்லுக்கு வெள்ளிதான் அடைப்பார்கள். வெள்ளிப் பொடியையும் பாதரசத்தையும் ஒரு குட்டிக் கண்ணாடிக் கல்வத்தில் போட்டு அண்ணி அரைப்பார். பதம் வந்ததும் துணியில் வைத்து நெரித்தால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். "அழுதாச்சு, வாங்கிக்கோங்க" என்று நீட்டுவார். பிள்ளை அழாவிட்டாலும் வெள்ளி அழுதாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

பிள்ளைகளிடம் அவர் பேசுவது ஒரே மாதிரிதான். "சின்ன எறும்பு ஒண்ணு கடிக்கும். அப்புறம் உதடு தூங்கப் போயிடும். பல்லுல இருக்கிற பூச்சிக் கடையைக் காலி பண்ணிட்டு வெள்ளிக் கதவு போட்டுடுவோம்."

தாய்மார்களை மட்டும் லேசில் விட மாட்டார். கதவை மறித்து நின்றுகொள்வார்.

"என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க."

"மரப்பு போற வரைக்கும் சாப்பாடு கிடையாது. உதட்டை, கன்னத்தைக் கடிக்கிறானான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

"இன்னிக்கு?"

"அடைச்ச பக்கம் மெல்லக் கூடாது."

"நாளைக்கு?"

"மெல்லலாம். ஜில்லுனு குடிச்சா ரெண்டு நாளைக்குக் கூசும், பயப்படக் கூடாது. பல்லு ஒசரமா இடிக்குதுன்னு சொன்னா உடனே கூட்டிட்டு வரணும்."

"ராத்திரி?"

"பல்லு விளக்காமப் படுக்கக் கூடாது."

"உங்க வீட்டுக்காரரும்தான். அவரு சிரிப்பு போன தடவையே பாத்தேன்."

இத்தனை பேசுகிற அண்ணி அதுவரைக்கும் அந்த நாற்காலியில் ஒரு தடவை கூட உட்கார்ந்ததில்லை. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் அவருக்கே ஒரு பொந்து இருந்தது. சாப்பிடும்போது எல்லாவற்றையும் இடது பக்கம் தள்ளித் தள்ளி மெல்லுவார். என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரை எனக்குத் தெரியாதா? ஊசி என்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். அடுத்தவர் வாயில் போடுவதைப் பார்க்கலாம், தன் வாயில் முடியாது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. குருவி என்று கூப்பிடுவோம். பேருக்கேற்ற மாதிரி அந்த வருஷம் விசில் அடிக்கக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லித்தந்தார்களாம். முன்பல் விழுந்து புதுப்பல் பாதி முளைத்திருக்கிற வாயில் அத்தனை சுத்தமான சத்தம் எப்படி வந்ததோ! எழுந்தால் விசில், குளித்தால் விசில், கணக்குப் போட்டால் விசில். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மாடிப்படியில் பார்த்து, "உங்க வீட்டுல குக்கர் ஓயவே மாட்டேங்குதே, தினமும் விருந்தா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. பெண் பிள்ளை விசிலடிக்கிறதா என்று நானும் பாடாத பாட்டில்லை. அவள் கேட்டால்தானே?

குருவிக்குக் கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பால்பல்லில் பொந்து விழுந்திருந்தது. மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிற பழக்கம். முதலில் வலது பக்கத்தை அடைப்பதென்று டாக்டரம்மா நாள் சொன்னார். அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போதும் குருவி சும்மா இல்லை. ஒரு விசில் விட்டாள் பாருங்கள், கண்டக்டர்தான் அடித்தார் என்று டிரைவர் நினைத்து நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடிக்கின்றன. "யாரும்மா அது?" என்று கண்டக்டர் வந்து நிற்க, பஸ் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது.

எனக்கு வந்த கோபத்தில் அவள் காதோடு சொன்னேன்: "இரு, இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லி அந்த விசிலையும் சேத்துப் பிடுங்கிப் போடச் சொல்றேன்."

பெற்றவர்கள் சொல்வதுதானே? பூச்சாண்டி பிடிப்பான், போலீஸ் வரும் என்று சொல்வதில்லையா? சொன்னதை அடுத்த நிறுத்தத்திலேயே மறந்துவிட்டேன்.

அடைப்பு நல்லபடியாக முடிந்தது. அழவில்லை. மை ஒட்டுகிற நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி அடைப்பின் உயரம் பார்த்தார்கள். வெள்ளி அழுதது, பிள்ளை சிரித்தது. வெளியே இன்னும் மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். எல்லாத் தாய்மாரையும் மறிக்கிற அண்ணி அன்றைக்கு என் முதுகில் தட்டி, "உனக்குச் சொல்லணுமா என்ன? நூறு தடவை கேட்டிருக்க" என்றார். "தெரியும் அண்ணி, நீங்க போங்க" என்றேன். நம் வீட்டுப் பிள்ளைதானே, அம்மா பார்த்துக்கொள்வாள் என்று அவர் நினைத்தார். நம் அண்ணி கையால் நடந்த வேலைதானே, அதற்கு மேல் என்ன என்று நான் நினைத்தேன். சொந்தக்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு அது.

திரும்பும்போது குருவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமே இல்லாமல் வந்தாள். அப்பாடா என்று நான் கண்ணயர்ந்தேன். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். ஐந்து மணிக்குப் பால் கொடுக்கக் கூப்பிட்டால், கைக்குட்டை முழுக்க ரத்தம். கீழுதடு வலது பாதி பழுத்த தக்காளி மாதிரி வீங்கி, உள்பக்கம் பிய்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது. பிள்ளை அழவும் இல்லை. வலி தெரிந்தால்தானே அழும்?

ஆறு மணிக்கு வேலை முடித்து, குருவியைப் பார்க்க ஆசையாக அண்ணி படியேறி வந்தார். நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஒண்ணுக்குப் பத்துத் தடவை சொல்றீங்க. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வாய் வரலையா அண்ணி? பெத்திருந்தா இல்ல தெரியும்!"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அண்ணி என்னைத் தாண்டி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவி, டார்ச் விளக்கைக் கேட்டு வாங்கிப் பிள்ளையின் உதட்டைத் திருப்பிப் பார்த்தார். "கடிச்சுக் கடிச்சுத்தான் இப்படி ஆயிருக்கு. சீழ் இல்ல. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்புளிக்கட்டும். காரம் வேணாம். பத்து நாள்ல ஆறிடும்." கலந்து வைத்த காபியைத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார்.

நடந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "எனக்கு எங்கம்மா முகமே ஞாபகம் இல்ல. யாரு முகம் ஞாபகம் இருக்குன்னு நினைக்கிற?" என்றார். அதற்கு மேல் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் அண்ணி வந்து உதட்டைப் பார்த்துவிட்டுப் போனார். என்னோடு பேச்சில்லை. "குருவி, பால் ஆறினதுக்கப்புறம் கொடுக்கணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். "ஆத்தித்தான் கொடுக்கிறேன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு" என்பேன். நடுவில் நிற்கிற பிள்ளை, தபால்காரர் மாதிரி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பும். மன்னிப்புக் கேட்க ஆயிரம் தடவை வாயெடுத்தேன். வரவில்லை. திட்டுவதற்கு நீளுகிற நாக்கு அதற்கு மட்டும் நீளாது.

உதடு ஆறிவிட்டது. ஆனால் இடது பக்கப் பல் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு மாதம் போனால் பொந்து நரம்பைத் தொட்டுவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். குருவியோ ஆஸ்பத்திரி என்ற பேச்செடுத்தாலே வாயை இறுக மூடிக்கொண்டு கட்டிலடியில் போய்ப் புகுந்துகொண்டாள். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.

"பால்பல்லு தானே, விழுந்து தொலையட்டும்னு விடுங்களேன்" என்றார் தையல்காரம்மா.

அப்போது அங்கிருந்த அண்ணி, என் பக்கம் திரும்பாமல், அவருக்குப் பதில் சொன்னார்: "அது பத்துப் பதினோரு வயசு வரைக்கும் இருக்க வேண்டிய பல்லும்மா. அடியில வர்ற பெரிய பல்லுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கு, பஸ்ல துண்டு போட்டு வைக்கிற மாதிரி. துண்டை எடுத்துட்டா பக்கத்துல நிக்கிறவன் உக்காந்துக்குவான். அப்புறம் வர்ற பல்லு கோணக்கால் போட்டுக்கிட்டு நிக்கும்."

"அதுவும் சரிதான்" என்ற தையல்காரம்மா, போகிற போக்கில், "குக்கர் என்ன ரிப்பேரா? மூணு வாரமா சத்தமே காணோம்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு அமைதியாக இருக்கிறதென்று சந்தோஷப்பட்டேனே தவிர, பிள்ளை ஏன் விசிலடிக்கவில்லை என்று யோசிக்கவில்லை. அண்ணிக்கும் உறைத்திருக்க வேண்டும். நேராகக் குருவி ஒளிந்திருந்த கட்டிலடியில் போய்த் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். நான் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். எல்லாம் கேட்டது.

"குருவி, விசில் எங்கடி?"

சின்னக் குரலில் பதில் வந்தது: "பிடுங்கிட்டாங்க."

"யாரு?"

"டாக்டரம்மா. அம்மாதான் பிடுங்கச் சொன்னாங்க. பஸ்ல வரும்போது ஊதிப் பாத்தேன், வரவே இல்ல. உதடே இல்ல. எங்க இருக்குன்னு கடிச்சுக் கடிச்சுப் பாத்தேன்."

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அண்ணி என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே நான் செத்திருப்பேன்.

"அடி பைத்தியம். யாரும் பிடுங்கலை. உதடு தூங்கிடுச்சு, அவ்வளவுதான். தூங்கிறவங்க விசிலடிப்பாங்களா? இப்ப ஊதிப் பாரேன்."

"மாட்டேன். வந்துச்சுன்னா மறுபடியும் பிடுங்குவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, உனக்கு அந்த ஊசி போட்டிருக்காங்களா?"

அண்ணிக்குப் பொய் வராது. "இல்லை."

"அப்புறம் உனக்கு எப்படித் தெரியும், திரும்பி வரும்னு?"

பல் ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவரைக் கேட்ட கேள்வி அது. குருவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "முதல்ல நீ போட்டுக்கோ. அப்புறம் நான்."

கட்டிலடியிலிருந்து அண்ணி வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நாளன்னிக்கு ரெண்டு பேருக்கும் நாள் வாங்கிடறேன்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பு முன்னறை வரைக்கும் கேட்டது. "பதினோரு வருஷமா கெஞ்சுறேன், வாயைத் திறக்காதவ! ஒரு பொடிசு வந்து சாதிச்சிருச்சே!" அன்றைக்குக் கல்வத்தை அவரே அரைத்தார். அண்ணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை பிடிமானம் தேடித் துழாவியது. பக்கத்தில் நின்றது நான்தான். என் மணிக்கட்டைப் பிடித்தார். ஐந்து விரலும் பதிந்து இரண்டு நாள் கன்றிக்கிடந்தது.

குருவி நாற்காலி ஓரத்தில் நின்று, "சின்ன எறும்பு ஒண்ணு கடிக்கும் அத்தை. அவ்வளவுதான்" என்றாள்.

"எந்தப் பாவி சொன்னான் எறும்புன்னு!" என்றார் அண்ணி, ஊசி இறங்கிய பிறகு.

அவர் பல் அடைத்து எழுந்ததும் குருவி தானாக ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அன்றைக்கு வெள்ளி இரண்டு தடவை அழுதது. முடிந்ததும் இரண்டு பேரும் முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஒருத்திக்கு வலது பக்கம் தூக்கம், ஒருத்திக்கு இடது பக்கம். நடுவில் ஒரு கைக்கண்ணாடி.

"என் உதட்டை நீ பாரு. உன் உதட்டை நான் பாக்குறேன்" என்றார் அண்ணி. பாதி எழுத்து வாயில் வழுக்கியது. "கடிச்சா சொல்லணும்."

"கடிக்கிற அத்தை! கடிக்கிற!"

"ஐயோ, ஆமாடி."

குருவி ஊதிப் பார்த்தாள். வெறும் காற்று. பயந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஊதினார். அவருக்கும் காற்று, கூடவே எச்சிலும். அதைப் பார்த்துக் குருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனக்கு மட்டும் போகவில்லை என்று தெரிந்ததும் பாதி பயம் தீர்ந்தது. மணி பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஊதினாள். பன்னிரண்டே காலுக்கு நூல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் கம்பீரமாக, பஸ்ஸை நிறுத்துகிற அந்தப் பழைய விசில் அறை முழுக்க நிறைந்தது. காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். குருவி எழுந்திருக்கவில்லை.

"அத்தைக்கு இன்னும் வரலை."

"எனக்குப் பொறந்ததிலேருந்தே விசில் வராதுடி" என்றார் அண்ணி.

"சும்மா சொல்லாத. திரும்பி வரும்னு நீதானே சொன்ன? விசில் வந்தாத்தான் வீடு."

அண்ணி ஊதினார். குருவி சொல்லிக்கொடுத்தாள். மறுபடியும் ஊதினார். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் பூட்டணும், ரெண்டு பேரையும் வச்சுப் பூட்டவா?" என்றார். குருவியின் கண்ணில் மறுபடியும் பழைய பயம் எட்டிப் பார்ப்பதைக் கண்டேன். அத்தைக்கு மட்டும் பிடுங்கிவிட்டார்களோ என்கிற பயம்.

இந்தப் பிள்ளைக்கு அந்த விசில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் அண்ணனோடு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து நான் அடிக்காத விசிலா? எங்கள் சின்னம்மா ஒரு நாள் பார்த்துவிட்டு வாயிலேயே ஒன்று வைத்தாள். அதோடு விட்டவள் நான். கட்டிக்கொண்டவருக்கே தெரியாது. பையைக் கீழே வைத்தேன். பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபத்தேழு நாளைக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினேன்.

"நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி வையுங்க அண்ணி. இப்படி."

ஊதினேன். இருபத்திரண்டு வருஷத் துரு. முதலில் பிசிறடித்தது. அடுத்தது வந்தது பாருங்கள், குருவியுடையதை விடப் பெரிதாக.

குருவி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். டாக்டரம்மா முகத்துணியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாயின் ஒரு பாதி தூங்கிக்கொண்டிருந்ததால் மற்றப் பாதியால் மட்டும் சிரித்தார்.

"இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. என் மணிக்கட்டில் தன் விரல் பதிந்திருந்த இடத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு உதட்டைக் குவித்து ஊதினார்.

வந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். என் காதுக்கு வெறும் காற்றாகத்தான் கேட்டது. குருவி காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "வந்துடுச்சு! வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். அன்றைக்கு அந்தப் பஸ் யாரும் இறங்காத இடத்தில் இரண்டு தடவை நின்று போனது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.